நடிகையும் நட்சத்திரமும்

"நல்ல நடிகைதான், என்ன செய்வது, அதிர்ஷ்டம் இல்லை" என்ற பேச்சைக் கேளாதவர் நம்மிடையே இரார். வாசிகசாலைத் திண்ணையிலும், ஆசிரியர் ஓய்வறையிலும், படம் முடிந்து வீடு திரும்பும் பாதையிலும் இது சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணின் முப்பதாண்டு உழைப்புக்கும் அவள் பெறாது போன இடத்துக்கும் உள்ள கணக்கை ஒரே சொல்லில் தீர்த்துவிடும் இந்த அதிர்ஷ்டம் யாது? உழுதவன் பட்டினி கிடந்தபோது அது அவன் தலையெழுத்து என்று சொல்லப்பட்டது. பஞ்சாலைத் தொழிலாளி நோயுற்றபோது அது முன்வினை என்று சொல்லப்பட்டது. இவற்றையெல்லாம் நம்ப மறுத்த நாமே, சினிமா என்று வந்தவுடன் மட்டும் சோதிடனின் சொல்லைக் கடன் வாங்குவது ஏன்?

தமிழ்த் திரைப்படம் ஒரு கலை என்பதற்கு முன்னரே ஒரு தொழில். பெருமூலதனம் புழங்கும் தொழில். அந்தத் தொழிலில் நடிகர் என்பவர் வேறு, நட்சத்திரம் என்பவர் வேறு. நடிப்பு ஓர் ஆற்றல். அது நடிப்பவரின் உடலிலும் உள்ளத்திலும் பயிற்சியிலும் உள்ளது. நட்சத்திரம் என்பதோ ஒரு பண்டம். அது படமுதலாளியின் கணக்குப் புத்தகத்திலும், விநியோகஸ்தரின் முன்பணத்திலும், சுவரொட்டியில் எழுத்தின் பருமனிலும் உள்ளது. ஆற்றல் பண்டமாக வேண்டுமாயின் அதிலே முதல் போடுவதற்கு ஒருவன் துணிய வேண்டும். அவன் யாரில் முதல் போடுகிறான், யாரில் போட மறுக்கிறான் என்பதைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்ற மாயத்திரை விலகிவிடும்.

முதலில் வயதைப் பார்ப்போம். 1952இல் வெளிவந்த 'பராசக்தி' சிவாஜி கணேசனின் முதற்படம். அதிலே அவருக்கு இணையாக நடித்தவர் பண்டரிபாய். அலைந்து திரியும் இளைஞனுக்குச் சமுதாயப் பொறுப்பை எடுத்துரைக்கும் விமலா என்ற பாத்திரத்தை அவர் ஏற்றார். ஈராண்டுகளின் பின், 1954இல், பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வந்தது. பாட்டே இல்லாத தமிழ்ப்படம் அது. தேசத்தைக் காட்டிக்கொடுக்கும் கணவனைச் சுட்டுக்கொல்லும் மனைவியின் வேடம் பண்டரிபாய்க்கு. அன்பும் அறமும் ஒரே நெஞ்சில் மோதும் அந்த வேடத்தை அவர் எவ்வித ஆரவாரமும் இன்றி நடித்ததை இன்று பார்த்தாலும் வியக்கலாம்.

இப்படிப்பட்ட நடிகைக்கு அடுத்து நேர்ந்தது என்ன? 1969இல் 'தெய்வமகன்' வந்தது. அதிலே சிவாஜி கணேசன் தந்தையாகவும் இரு புதல்வர்களாகவும் மூன்று வேடங்களில் தோன்றினார். தந்தைக்கு மனைவியாகவும் புதல்வர்களுக்குத் தாயாகவும் வந்தவர் பண்டரிபாய். இளைய மகனுக்குக் காதலியாக வந்தவர் 1948இல் பிறந்த ஜெயலலிதா. 'பராசக்தி' திரைக்கு வந்தபோது அவர் நான்கு வயதுக் குழந்தை. பதினேழு ஆண்டுகளில் கதாநாயகன் தந்தையுமானான், மகனுமானான், மீண்டும் காதலனுமானான். அவனோடு ஒரே தலைமுறையைச் சேர்ந்த பெண்ணுக்கோ ஒரேயொரு திசையிற் செல்லவே அனுமதி இருந்தது. 1992இல் வந்த 'மன்னன்' படத்தில் அவர் ரஜினிகாந்தின் நோயுற்ற தாயாக இருந்தார். கதாநாயகர்களின் தலைமுறையே மாறிவிட்டது; அவர் அணிந்த தாயின் சேலை மாறவில்லை.

இது ஒருவருக்கு நேர்ந்த தனிக்கதை என்று எண்ண வேண்டாம். நம் நாட்டின் காலி நகரில் 1952இல் பிறந்து, மலையாள, தமிழ்ப் படங்களிற் புகழ்பெற்ற சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் வந்த 'அவள் ஒரு தொடர்கதை'யில் குடும்பம் முழுவதையும் தன் சம்பளத்தில் தாங்கும் உத்தியோகப் பெண்ணாக அவர் நடித்தார். ஆசிரியையாகவும் எழுதுவினைஞராகவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் தம் முகத்தை முதன்முறையாகத் திரையிலே கண்ட படம் அது. 1977இல் 'அவர்கள்' படத்தில் அவர் ரஜினிகாந்தின் மனைவியாக நடித்தார். 2002இல் 'பாபா'வில் அவர் அதே ரஜினிகாந்தின் தாய்! உண்மையில் அவரிலும் இரண்டு வயது மூத்தவர் ரஜினிகாந்த். தன்னிலும் மூத்த மகனைப் பெறும் அற்புதத்தைப் புராணங்கள்கூடத் துணிந்து சொல்லியிருக்குமோ என்னவோ, தமிழ்ச் சினிமா சொல்லிவிட்டது.

'இரசிகர்கள் இளமையைத்தானே விரும்புகிறார்கள். படமுதலாளி என்ன செய்வான்?' என்று கேட்போர் உளர். இரசிகர்கள் இளமையையே விரும்புகின்றனர் எனின், ஐம்பது வயதுக் கதாநாயகன் கல்லூரிப் பையனாக வரும்போது அவர்கள் மண்டபத்தை விட்டு எழுந்து போயிருக்க வேண்டுமே? போகவில்லை. ஆகவே இரசனை என்பது இயற்கையாக முளைத்த பயிரன்று. உழுது விதைத்து நீர் பாய்ச்சி வளர்க்கப்பட்டது. ஆண் முதிர்ந்தால் அனுபவசாலி என்றும் பெண் முதிர்ந்தால் 'சந்தை போனவள்' என்றும் பல்லாண்டு காலம் பழக்கியவர்களே, பின்னர் அப்பழக்கத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

அடுத்தது நிறம். தமிழகத்திலும் ஈழத்திலும் வெயிலில் உழைக்கும் பெரும்பான்மைத் தமிழ்ப் பெண்ணின் நிறம் எது என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் திரையில் அவளுக்கு எந்த வேடம் கிடைக்கிறது? 1988இல் வந்த 'வீடு' படத்தை நினைவுகூர்வோம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா இயக்கிய படம். வாடகை வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலையிலுள்ள உத்தியோகப் பெண் ஒருத்தி, சொந்தமாக ஒரு வீட்டைக் கட்ட முயன்று, கடனிலும் இலஞ்சத்திலும் ஏமாற்றிலும் சிக்கி அலைக்கழிவதே கதை. அந்தப் பெண்ணாக வாழ்ந்த அர்ச்சனா அதற்காக இந்திய தேசிய விருது பெற்றார். அடுத்த ஆண்டே, தெலுங்கில் நரசிங்கராவ் இயக்கிய 'தாசி' படத்தில், தெலுங்கானா நிலப்பிரபுவின் மாளிகையில் அடிமையாகக் கிடக்கும் பெண்ணாக நடித்து இரண்டாம் முறையும் அவ்விருதைப் பெற்றார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தியாவின் சிறந்த நடிகை என்று அரசே அறிவித்த ஒருவரைத் தேடி, எத்தனை படமுதலாளிகளின் மோட்டார்கள் அவர் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும்! தமிழ் வர்த்தகச் சினிமாவோ அவரைக் கண்டும் காணாதது போல் கடந்து சென்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கருநிறம் திரைக்கு ஆகாது என்பது விதியானால், ரஜினிகாந்தும் விஜயகாந்தும் எவ்வாறு கதாநாயகர்களாயினர்? ஆணின் கருமை மண்ணின் மைந்தனுக்கு அடையாளமாக, உழைப்பாளியின் முத்திரையாகப் போற்றப்பட்டது. அதனை வைத்தே சந்தை விரிந்தது. அவனுக்கு அருகில் நிற்கும் பெண் மாத்திரம் வெளிறியிருக்க வேண்டும். ஏனெனில் அந்தக் கதையிலே அவள் ஓர் ஆளாக நிற்கவில்லை. அவன் பெற்ற பரிசாக நிற்கிறாள். கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த பெண் தேவை' என்று எழுதும் கைதான் திரைக்கும் கதாநாயகியைத் தெரிந்தெடுக்கிறது. நிறத்தின் காரணமாகத் தாம் கதாநாயகி வேடத்துக்குப் பொருந்தமாட்டார் எனத் தமக்குக் கூறப்பட்டதை இக்காலத்து நடிகை ஐஸ்வர்யா ராஜேஷ் மேடையிலேயே பேசியிருக்கிறார். 'காக்கா முட்டை'யில் சேரிச் சிறுவர் இருவரின் தாயாக அவர் நடித்ததைப் பார்த்தவர்களுக்கு, இழப்பு யாருக்கு என்பது புரியும்.

நிறத்தோடு நிற்கவில்லை. முகத்தையும் குரலையும் தனித்தனியே பிரித்து விற்கும் தந்திரத்தையும் இத்தொழில் கற்றுக்கொண்டது. பேசும்படத்தின் தொடக்க காலத்தில் நடிப்பவரே பாட வேண்டியிருந்தது. அதனால்தான் நாடகமேடையில் பாடிப் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள் 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு இலட்சம் ரூபா ஊதியமாகப் பெற முடிந்தது. அதுவும் ஆண் வேடத்துக்கு! அவருடைய குரல் அவரிடமே இருந்தது. வேண்டியவன் அவரிடமே வர வேண்டியிருந்தது. பின்னணிப் பாட்டும் பின்னணிப் பேச்சும் வந்தபின், ஒரே கதாநாயகி பல கூலியாட்களால் ஒட்டுவேலை செய்யப்படும் பொம்மையானாள். முகம் ஒருத்தியுடையது, பாட்டு இன்னொருத்தியுடையது, பேச்சு மூன்றாமவளுடையது. தமிழே அறியாத முகமொன்று இறக்குமதி செய்யப்படுவதற்குத் தடை இல்லாமற் போயிற்று.

1981இல் 'தண்ணீர் தண்ணீர்' படத்தில், வறண்ட கிராமத்தின் தாகத்தையும் ஆத்திரத்தையும் தன் கண்களிலே தேக்கிக் காட்டிய சரிதா, பிற்காலத்தில் வேறு பல கதாநாயகிகளுக்குக் குரல் கொடுப்பவரானார். அவருடைய குரலிலுள்ள நடிப்பு சந்தைக்கு வேண்டும். அந்தக் குரலுக்குரிய கருத்த முகம் வேண்டாம். ஒரு தொழிலாளியின் உழைப்பை எடுத்துக்கொண்டு அவளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணத்தை எந்தப் பொருளாதார நூலிலே தேடுவது?

நகைச்சுவைக்கு வருவோம். மனோரமா ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்து உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றவர். நாடகமேடையில் வளர்ந்து, 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் திரைக்கு வந்தார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆயின் அந்தக் கதவு திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக அவர் வருவது சில காட்சிகளே. ஊர் ஊராய்ப் போய் ஆடிப் பிழைக்கும் பெண்ணின் வெகுளித்தனத்தையும், அவமதிப்பை விழுங்கிச் சிரிக்கும் வலியையும் அந்தச் சில காட்சிகளில் அவர் வைத்துவிட்டுப் போனார். ஆண்களுக்குத் 'திலகம்' என்றும் 'தலைவர்' என்றும் பட்டம் சூட்டிய தமிழ்ச் சினிமா அவரை 'ஆச்சி' என்றது. செட்டிநாட்டிலே அது மரியாதைச் சொல்தான். ஆயினும் மரியாதை வேறு, அதிகாரம் வேறு. ஆயிரம் படங்களில் நடித்தவருக்கு, தன்னை மையமாக வைத்து ஒரு கதை எழுது என்று பணிக்கும் அதிகாரம் ஒருநாளும் கிட்டவில்லை.

அதிகாரம் என்ற சொல்லை வேண்டுமென்றே உபயோகிக்கிறேன். விதிவிலக்காகத் தோன்றும் பானுமதியின் கதை இதனை விளக்கும். அவர் கணவருடன் சேர்ந்து பரணி என்ற பெயரில் சொந்தப் பட நிறுவனமும் ஸ்டூடியோவும் நடத்தியவர். 1953இல் 'சண்டிராணி'யைத் தாமே இயக்கி மூன்று மொழிகளில் வெளியிட்டவர். எவருக்கும் தலைவணங்காத பெண் என்று அவரைப் புகழ்வோர், அந்த நிமிர்வுக்குப் பின்னால் சொந்த உற்பத்திச் சாதனங்கள் இருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். அவரே பிறருடைய படத்தில் நடிக்கச் சென்றபோது நிகழ்ந்ததைப் பாருங்கள். 1958இல் வந்த 'நாடோடி மன்ன'னுக்கு எம். ஜி. ஆரே தயாரிப்பாளர், அவரே இயக்குநர், அவரே கதாநாயகன். படப்பிடிப்பின் நடுவே இருவருக்கும் கருத்து வேற்றுமை ஏற்பட்டது, பானுமதி விலகினார். அவருடைய பாத்திரம் கதையின் நடுவிலே கொல்லப்பட்டது. எஞ்சிய கதைக்கு வேறொரு கதாநாயகி வந்தார். யார் நியாயம், யார் அநியாயம் என்ற வழக்கு நமக்கு வேண்டாம். கருத்து வேறுபட்டால் சாகவேண்டிய பாத்திரம் எவருடையது என்பதைத் தீர்மானித்தது முதலும் பேனாவும் யார் கையில் இருந்தன என்பதே.

அண்மைக்காலத்திலும் இதுவே நடக்கிறது. கல்யாணத்தோடு திரையை விட்டு விலகிய ஜோதிகா 2015இல் '36 வயதினிலே' படத்தின் மூலம் திரும்பினார். அதனைத் தயாரித்தது அவருடைய கணவர் சூர்யாவின் நிறுவனம். அவருடைய திறமையை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலேயே மூலதனம் இல்லாத, அதே திறமையுள்ள பெண்கள் திரும்பி வரும் வழி எது? கல்யாணம் செய்த கதாநாயகனுக்கு இப்படியொரு திரும்புதலே தேவைப்படவில்லை. அவன் கல்யாணத்துக்கு மறுநாளும் அதே ஸ்டூடியோவுக்குப் போனான். 'அவளாகத்தானே விலகினாள்' என்போர் இதற்கு விடை கூறட்டும்.

சாதியைச் சொல்லாமல் இக்கணக்கு முடியாது. இதற்குத் தமிழகத்தின் அண்டையிலுள்ள திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். மலையாளத்தின் முதற் படமாகிய 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தை ஜே. சி. டானியல் 1920களின் இறுதியில் எடுத்தார். அதில் கதாநாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி, தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்த உழைப்பாளிப் பெண். திரையிலே அவர் நாயர் குலப் பெண்ணாகத் தோன்றினார் என்பதற்காக மேல்சாதியினர் கொதித்தெழுந்தனர். அவர் ஊரை விட்டே ஓட நேர்ந்தது; தமிழ்நாட்டில் தம் அடையாளத்தை மறைத்து எஞ்சிய வாழ்வைக் கழித்தார். முதற் படமே அவருடைய கடைசிப் படமுமாயிற்று. அவருக்கும் 'அதிர்ஷ்டம் இல்லை' என்றுதான் சொல்லப் போகிறோமா?

அதே கேரளத்தில், 2017இல் நடிகை ஒருவர் கடத்தித் தாக்கப்பட்டதன் பின், திரைப்படத் துறையிற் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமாவின் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. குழு 2019இன் இறுதியில் அறிக்கையைக் கையளித்தது. அது மக்கள் பார்வைக்கு வர 2024 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டே வந்தது. வேடம் பெறுவதற்கு உடலை விலையாகக் கேட்கும் வழக்கம், மறுப்பவரை வெளியே சொல்லாமல் விலக்கிவைக்கும் தடை, எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்மை, படப்பிடிப்புத் தலத்தில் மலசலகூட வசதிகூட இல்லாமை என அறிக்கை அடுக்கிக்கொண்டே போகிறது. சினிமாக் கோபுரத்தின் அடித்தளத்தில் இருப்பது இதுதான். 'வரவில்லை', 'நிலைக்கவில்லை', 'மறைந்துவிட்டார்' என்று நாம் எளிதாகச் சொல்லும் பெண்களில் எத்தனை பேர், ஒருநாள் மாலை ஒரு கதவின் முன் நின்று 'மாட்டேன்' என்று சொன்னதற்காக மறைந்தனர் என்பதை எந்தச் சினிமாச் சஞ்சிகையும் எழுதவில்லை.

இத்தனையும் படமுதலாளியைக் குறித்துச் சொன்னோம். இனி நம்மைக் குறித்தும் சிறிது சொல்லியாக வேண்டும்.

முற்போக்காளர் எனப்படும் நாம் நெடுங்காலம் சினிமாவைக் குப்பை என்று ஒதுக்கினோம். தென்னிந்தியப் படங்களும் மஞ்சட் பத்திரிகைகளும் நம் கடைகளை நிரப்பிய காலத்தில் அந்தக் கண்டனத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் குப்பை என்று தள்ளியபோது, அதற்குள்ளே உழைத்த பெண்ணையும் சேர்த்தே தள்ளிவிட்டோம். சாதிப்படி பிரிந்து கிடந்த தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்று பேராசிரியர் சிவத்தம்பி எடுத்துக்காட்டியபின்பு, நம் பார்வை ஓரளவு மாறிற்று. மாறிய பின்னும் என்ன எழுதினோம்? 'வீடு' பாலுமகேந்திராவின் படம் என்றோம். 'தண்ணீர் தண்ணீர்' பாலசந்தரின் படம் என்றோம். அர்ச்சனாவின் உழைப்புக்கும் சரிதாவின் உழைப்புக்கும் 'நன்றாக நடித்துள்ளார்' என்ற இரண்டு சொற்களோடு கடன் தீர்த்தோம்.

இன்னும் ஒரு படி மேலே போய், 'நல்ல நடிகைக்கு நட்சத்திரப் பட்டம் எதற்கு? அவர் கலையோடு நிற்பதே பெருமை' என்று ஆறுதலும் சொன்னோம். கேட்பதற்கு உயர்ந்த பேச்சுத்தான். ஆனால் நட்சத்திரமாக இருப்பவரே கதையை மாற்றச் சொல்லலாம், ஊதியத்தைக் கேட்டு வாங்கலாம், இரவுப் படப்பிடிப்பை மறுக்கலாம். அந்த அதிகாரம் பெண்ணுக்குக் கிட்டாதபோது 'கலையோடு நில்' என்று அவளுக்கு உபதேசிப்பது, கூலி உயர்வு கேட்டவனுக்கு ஆன்மிகம் போதிப்பது போன்றது. நட்சத்திர முறையே ஒழிய வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது ஆணுக்கு மாளிகையாகவும் பெண்ணுக்குச் சத்திரமாகவும் இருக்கும் வரை, சத்திரத்தை விட்டு வெளியேற்றப்பட்டவளிடம் மாளிகையின் தீமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

இதை வாசிப்பவர்களிற் பலர் ஆசிரியர்கள். இன்னும் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். சென்னையிலே நடப்பதற்கு நாம் என்ன செய்யலாம் என்று கைவிரிக்க வேண்டாம். முதல் தெரிவு சென்னையிலே நடப்பதில்லை. நம் பாடசாலை மண்டபத்திலே நடக்கிறது. பரிசளிப்பு விழா நாடகத்துக்கு இளவரசி யார், தோழி யார், வேலைக்காரி யார் என்று நாம் பிரிக்கும்போது எதைப் பார்த்துப் பிரிக்கிறோம்? வசனத்தைத் தெளிவாகச் சொல்லும் கறுத்த சிறுமி வேலைக்காரியாகவும், வாயே திறவாத சிவந்த சிறுமி இளவரசியாகவும் மேடையேறியதை நாம் கண்டதில்லையா? அதை நாமே செய்ததில்லையா? அன்று பின்வரிசையில் நிறுத்தப்பட்ட சிறுமி தன்னைப் பற்றிக் கற்றுக்கொண்ட பாடத்தை எந்தப் புத்தகத்தைக் கொண்டு அழிப்போம்? அவள் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த சிறுவனும் ஒரு பாடத்தைக் கற்றான். நாளை சீட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போகும் இரசிகன் அவனே.

ஆகவே அடுத்த முறை யாராவது 'நல்ல நடிகைதான், அதிர்ஷ்டம் இல்லை' என்று சொன்னால், தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். கதையை எழுதியவன் யார், முதல் போட்டவன் யார், அவளுக்கு அப்போது வயதென்ன, அவனுக்கு வயதென்ன, அவளுடைய ஒப்பந்தம் எங்கே என்று கேளுங்கள். இந்தக் கேள்விகள் எழும் இடத்தில் அதிர்ஷ்டம் நிற்காது. அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் பழக்கும்போது, வசனத்தைச் சொல்லத் தெரிந்த அந்தச் சிறுமியை முன்வரிசைக்கு அழையுங்கள். பண்டரிபாய்க்கும் அர்ச்சனாவுக்கும் சரிதாவுக்கும் மனோரமாவுக்கும் நாம் பட்ட கடனை அங்கிருந்துதான் அடைக்கத் தொடங்க முடியும்.